நிறுத்திப்பார் பக்கங்களை எடுத்த நாள்

மேலாளர் தன் அறையை விட்டு எழுந்து வந்து ஒருவருடைய மேசைக்கு முன்னால் நின்றால், அது நல்ல செய்தியாக இருந்ததே இல்லை. அன்று காலை அவர் வந்து நின்றது கத்திரியின் மேசைக்கு முன்னால்.

கத்திரி என்பது அலுவலகம் அவளுக்கு வைத்த பெயர். எஞ்சினியர்கள் எழுதித் தருவதை வெட்டிக் குறைத்து, ஒரு மனிதன் படித்துப் புரிந்துகொள்கிற மாதிரி ஆக்கி, கம்பெனியின் இணையதளத்தில் போடுவது அவள் வேலை. பத்து வரி வந்தால் நாலு வரி போகும். முதலில் முதுகுக்குப் பின்னால் அப்படிச் சொன்னார்கள். பிறகு முகத்துக்கு நேராகவே சொன்னார்கள். அவளும் போகட்டும் என்று விட்டுவிட்டாள். எல்லாவற்றுக்கும் மல்லுக்கட்ட உடம்பில் தெம்பு வேண்டும்.

"அந்த நிறுத்திப்பார் பக்கங்க இன்னும் தளத்துல இருக்காமே?" என்றார் மேலாளர்.

"இருக்கு சார்."

"இன்னைக்கே எடுத்துடுங்க. மத்தியானத்துக்குள்ள முடிச்சா நல்லது."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். வருடக்கணக்காக அவள் கேட்டுக்கொண்டிருந்தது இதைத்தான். ஒவ்வொரு திட்டக் கூட்டத்திலும் எழுதிக்கொண்டு போவாள். கடைசி ஐந்து நிமிடத்தில் அது பேச்சுக்கு வரும், அதற்குள் பாதிப் பேர் எழுந்து போயிருப்பார்கள். "அது பாட்டுக்கு ஒரு மூலையில கிடக்கு, யாரை என்ன பண்ணுது?" என்று யாராவது சொல்வார்கள். விஷயம் கிணற்றில் போட்ட கல்லாகிவிடும்.

அவர்கள் கம்பெனி செய்வது ஒரு சின்ன ஆப்பரேட்டிங் சிஸ்டம். கையில் வைத்துக்கொள்கிற போனிலோ மேசைக் கணினியிலோ இருப்பதில்லை அது. தண்ணீர் ஏற்றும் நிலையங்கள், லிஃப்டுகள், குளிர்பதனக் கிடங்குகள் இவற்றை ஓட்டுகிற கட்டுப்பாட்டுப் பெட்டிகளுக்குள் இருப்பது. அதில் ஒரு காலத்தில் நிறுத்திப்பார் என்று ஒரு வசதி இருந்தது. பெட்டி ஏடாகூடமாக நடந்துகொண்டால், மூன்றெழுத்துக் கட்டளை ஒன்றைத் தட்டச்சு செய்தால் போதும். உள்ளே ஓடுவதெல்லாம் அப்படியே மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கும். எது எங்கே சிக்கியிருக்கிறது என்று பார்த்துவிட்டு, திரும்ப ஓடவிடலாம். பிறகு அதைவிடப் பாதுகாப்பான கருவி வந்தது, நிறுத்திப்பாரை எடுத்துவிட்டார்கள். வசதி போனது, அதை விளக்கிய பக்கங்கள் போகவில்லை.

அதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. கடைசிப் பதிப்பில், சும்மா கிடக்கிற மூன்றெழுத்தை வீணாக்குவானேன் என்று, யாரோ அதே கட்டளையை வேறு வேலைக்குக் கொடுத்துவிட்டார்கள். இப்போது அதைத் தட்டினால், பெட்டி தனக்குச் சொல்லிவைத்த அமைப்புகளையெல்லாம் துடைத்துவிட்டுப் புதிதாகப் பிறந்த பிள்ளை மாதிரி எழுந்திருக்கும். கத்திரி அன்றே மெயில் போட்டாள். பழைய பக்கத்தைப் படித்துவிட்டு யாராவது புதுப் பெட்டியில் தட்டினால் ஆபத்து என்று தெளிவாக எழுதினாள். பதிலுக்கு ஒரு கட்டைவிரல் படம் வந்தது.

"என்ன சார், திடீர்னு?" என்று கேட்டாள்.

"நீங்கதானே எடுக்கணும் எடுக்கணும்னு சொல்லிட்டே இருந்தீங்க. எடுங்கன்னா ஏன்னு கேக்குறீங்க," என்றார் மேலாளர். போகிறவர் நின்று, பெரிய விஷயமில்லை என்கிற குரலில் கேட்டார். "கீழ படிக்கிறவங்க எழுதுற கருத்துப் பெட்டி இருக்குல்ல, அதுவும் சேந்து போயிடும்ல?"

"போயிடும்."

"நல்லது," என்று சொல்லிவிட்டுப் போனார்.

பக்கத்தை எடுப்பது என்றால் ஒரு பொத்தானை அழுத்துவது என்றுதான் வெளியில் இருப்பவர்கள் நினைப்பார்கள். வருடக்கணக்கில் கிடந்த பக்கம் கொடி மாதிரி எங்கெங்கோ படர்ந்திருக்கும். நிறுவுவது எப்படி என்ற பக்கம் இதைக் கைகாட்டும். பிழைச் செய்திகளின் அட்டவணையில் இதன் பெயர் இருக்கும். தலைப்பு அகராதியில் இருக்கும், யாரும் திறக்காத பயிற்சிப் பாடத்தில் இருக்கும். ஒவ்வொன்றாகத் தேடிப்போய் வெட்ட வேண்டும். ஒன்றை விட்டுவிட்டால், படிக்கிறவர் அங்கே வந்து வெறும் சுவரில் முட்டிக்கொள்வார். இரண்டு வெட்டுக்கு ஒரு முறை கண்ணை மூடித் திறந்தபடி அவள் வேலை செய்தாள். முந்தின இரவு சரியான தூக்கமில்லை. டிரைவராக இருக்கும் புருஷனுக்கு முழங்காலில் ஆபரேஷன் ஆகியிருந்தது. அவர் புரண்டு படுக்கும்போதெல்லாம் அவளும் விழித்துக்கொண்டாள்.

முதன்மைப் பக்கத்தைக் கடைசியாக வைத்துக்கொண்டாள். அதன் அடியில் இருந்த கருத்துகளை அவள் படித்து ரொம்ப நாளாகியிருந்தது. அதை வாடிக்கையாளர் பிரிவு பார்த்துக்கொள்ளும் என்று ஏற்பாடு. அந்தப் பிரிவையே கலைத்துவிட்டார்கள் என்பது வேறு விஷயம். "இது புதுப் பதிப்பில் வேலை செய்யுமா?" என்று ஒருவர் கேட்டிருந்தார். "எனக்கும் இதே சந்தேகம்," என்று இன்னொருவர். பதில் யாரும் சொல்லவில்லை.

எல்லாவற்றுக்கும் கீழே, இரண்டு நாளைக்கு முன்னால் ஒருவர் எழுதியிருந்தார்.

"நான் தண்ணீர் ஏற்றும் நிலையத்தில் டெக்னீஷியன். இந்தப் பக்கத்தில் போட்டிருக்கிறபடிதான் செய்தேன். பெட்டி எல்லாவற்றையும் மறந்துவிட்டது. வால்வுகள் மூடிக்கொண்டன. பாதி ஊருக்கு ஒரு பகல் முழுக்கத் தண்ணீர் போகவில்லை. நான் ஏதோ அவசரத்தில் கண்டதைத் தட்டிவிட்டேன் என்று சஸ்பெண்ட் செய்திருக்கிறார்கள். விசாரணை இருக்கிறது. தயவுசெய்து இந்தப் பக்கத்தை அழிக்காதீர்கள்." அடியில் போன் நம்பர் கொடுத்திருந்தார்.

கத்திரி அதை இரண்டு தடவை படித்தாள். மேலாளர் எழுந்து வந்ததற்குக் காரணம் புரிந்துவிட்டது. கோபம்கூட வரவில்லை. கோபப்படுவதற்கும் கொஞ்சம் தெம்பு மிச்சம் வைத்திருக்க வேண்டுமே.

மாடியில், ஜன்னலை ஒட்டிய மேசையில் தாடிக்காரர் இருந்தார். நிறுத்திப்பாரைக் கட்டியவர் அவர்தான். அதை எடுத்த பிறகு அவரை வேறு பிரிவுக்கு மாற்றியிருந்தார்கள். ஆனாலும் அந்தப் பக்கங்களுக்குப் பொறுப்பாளர் என்ற இடத்தில் இன்னும் அவர் பெயரே இருந்தது, யாரும் மாற்றவில்லை. கத்திரி கருத்தைக் காட்டினாள். அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, திரைக்கு மிக அருகே குனிந்து படித்தார்.

"புதுப் பதிப்புல இதைத் தட்டினா இப்படித்தான் ஆகுமா சார்?"

"இப்படியேதான் ஆகும். வால்வு எல்லாம் மூடிக்கிட்டுதான் எந்திரிக்கும். பாதுகாப்புக்காக அப்படி வெச்சது."

"அப்ப இவர் மேல தப்பு இல்ல."

"எழுதியிருக்கிறதைப் படிச்சிட்டு அதையே செஞ்சிருக்கார். அதுல என்ன தப்பு இருக்கு?" கண்ணாடியை இறக்கிக்கொண்டார். "நான் எழுதினது, நீ வெட்டினது. ரெண்டு பேரும் அன்னைக்கு ஒழுங்காத்தான் செஞ்சோம்."

"இதை ஒரு மெயில்ல எழுதித் தர்றீங்களா?"

அவர் மேசைமேல் இருந்த காலிக் கோப்பையைத் தள்ளி வைத்தார், திரும்ப இழுத்து வைத்தார்.

"மெயில்ல எல்லாம் வேணாம்மா. வாயால கேட்ட, வாயால சொன்னேன். எனக்கும் குடும்பம் இருக்கு."

அவள் வற்புறுத்தவில்லை. படியிறங்கும்போது அவர்மேல் வருத்தம்கூட வரவில்லை. அவர் இடத்தில் தான் இருந்தாலும் கோப்பையைத்தான் நகர்த்தியிருப்போம் என்று தோன்றியது.

மேலாளர் அறைக்குப் போய்க் கேட்டாள். "சார், அந்தத் தண்ணி நிலையத்து ஆளு..."

"அதைச் சட்டப் பிரிவு பாத்துக்கும்."

"அவருக்கு யாராவது பதில் சொல்றாங்களா?"

"நம்ம வேலை டாக்குமென்ட். நாம அதோட நின்னுக்கலாம்." அவர் குரலில் கடுமை இல்லை. அவருக்கும் மேலே யாரோ காலையில் போன் செய்து வறுத்தெடுத்திருப்பார்கள் என்பது முகத்தில் தெரிந்தது. "பழைய பக்கத்தை எடுக்கிறது தப்பா? நீங்களே சொல்லுங்க."

தப்பில்லை. அதுதான் சங்கடம். அவர் சொன்னதில் ஒரு வார்த்தைகூடத் தப்பில்லை.

மதிய இடைவேளையில் புருஷனுக்குப் போன் செய்தாள். அவர் ஒற்றைக் காலில் நின்று பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார்.

"உங்களை யாரு கழுவச் சொன்னது?"

"படுத்துப் படுத்து முதுகு தேஞ்சு போச்சு. சரி, குரல் ஏன் இப்படி இருக்கு?"

சொன்னாள். அவர் தண்ணீரை நிறுத்திவிட்டுக் கேட்டார்.

"நீ சொல்றதைப் பாத்தா எடுக்கவும் வேணும், எடுக்கவும் கூடாதுங்கிற மாதிரி இருக்கே."

"எடுத்தே ஆகணுங்க. இந்த நிமிஷம் இன்னொருத்தர் எங்கயாவது அதைப் படிச்சிட்டு இருக்கலாம். அடுத்து ஆஸ்பத்திரி லிஃப்டா இருந்தா என்ன பண்றது? ஆனா சத்தமில்லாம எடுத்தா, அப்படி ஒரு பக்கமே இல்லைன்னு ஆயிடும். அந்த ஆளு பொய் சொன்னவராயிடுவார்."

"சத்தமா எடு."

"வேலைக்கு ஏதாவது ஆச்சுன்னா?"

"நான் வண்டி எடுக்க இன்னும் ரெண்டு மாசம் ஆகும்," என்றார் அவர். "அதையும் மனசுல வெச்சுக்கோ. வெச்சுக்கிட்டு உனக்குச் சரின்னு பட்டதைச் செய். செஞ்சிட்டு வந்து ராத்திரி முழுக்க மோட்டுவளையைப் பாத்துட்டு இருக்காத. எனக்குத் தூக்கம் கெடுது."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. யார் தூக்கத்தை யார் கெடுக்கிறார்கள் என்று சொல்ல வந்தவள் சொல்லாமல் வைத்துவிட்டாள்.

பிறகு காலியாக இருந்த கூட்ட அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, அந்த நம்பரை அழைத்தாள். முதல் மணியிலேயே எடுத்துவிட்டார்கள். போனைக் கையிலேயே வைத்துக்கொண்டு காத்திருந்திருக்க வேண்டும்.

"நீங்க கருத்து எழுதியிருந்தீங்க. நான் அந்தப் பக்கங்களைப் பாத்துக்கிறவ," என்றாள்.

"மேடம், நான் கண்டதைத் தட்டலை மேடம்," என்றார் டெக்னீஷியன், வேறு எதுவும் கேட்பதற்கு முன்னால். வயதான குரல் இல்லை, ஆனால் தேய்ந்த குரல். இதே வாக்கியத்தைப் பலரிடம் சொல்லிச் சொல்லித் தேய்ந்தது. "மோட்டார் ஒண்ணு விட்டு விட்டு ஓடுச்சு. என்னன்னு தேடினேன். உங்க பக்கம்தான் முதல்ல வந்துச்சு. கம்பெனியோட பக்கம், நம்பாம எதை நம்புறது? ஒவ்வொரு வரியா வாசிச்சு வாசிச்சுத்தான் செஞ்சேன்."

"தெரியும்."

"தெரியுமா?"

"புதுப் பதிப்புல அந்தக் கட்டளைக்கு அர்த்தம் மாறிடுச்சு. பக்கம் மாறலை. நீங்க செஞ்சது பக்கத்துல இருந்தது. அதுல சந்தேகமே இல்ல."

எதிர்முனையில் ஒரு நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது. அவர் உட்கார்ந்துவிட்டார் போலிருக்கிறது. பிறகு மூக்கை உறிஞ்சினார். அவள் காத்திருந்தாள்.

"என் பொண்ணு கேக்குறா மேடம், ஏன்ப்பா ஊருக்குத் தண்ணியை நிறுத்தினேன்னு. பள்ளிக்கூடத்துல சொல்றாங்களாம்."

"அந்தப் பக்கத்தை இன்னைக்கு எடுக்கப்போறேன்," என்றாள் கத்திரி.

"அழிக்காதீங்கன்னு கேட்டுருந்தேனே."

"விட்டு வெச்சா உங்களுக்கு நடந்தது இன்னொருத்தருக்கு நடக்கும்."

அவர் யோசித்தார். "அதுவும் சரிதான்," என்றார் கடைசியில், ரொம்ப மெதுவாக. "அது நடக்கக் கூடாது."

அவர் அதை மறுத்துச் சண்டை போட்டிருந்தால் அவளுக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"எடுத்த இடத்துல ஒரு குறிப்பு போடுவேன். என்ன இருந்துச்சு, ஏன் எடுத்தோம்னு. யார் வேணும்னாலும் படிக்கலாம். பக்கம் இதுவரைக்கும் எப்படி இருந்துச்சோ அதோட நகலும் அனுப்புறேன். அது பொதுவுல இருந்த பக்கம்தான், ரகசியம் ஒண்ணும் இல்ல."

"உங்களுக்கு ஏதாவது தொந்தரவு வருமா மேடம்?"

"வரும்போது பாத்துக்கலாம்," என்றாள். தைரியத்தில் சொல்லவில்லை. அதற்கு மேல் யோசிக்கத் தெம்பில்லாமல் சொன்னாள்.

நகலை அனுப்பிவிட்டு மேசைக்குத் திரும்பிக் குறிப்பை எழுதினாள். முதலில் நீளமாக வந்தது, தன் வழக்கப்படி வெட்டினாள். கடைசியில் நின்றது இவ்வளவுதான்: "நிறுத்திப்பார் வசதி முன்பே நீக்கப்பட்டது. ஆனால் அதை விளக்கும் பக்கங்கள் இன்றுவரை எந்த எச்சரிக்கையும் இல்லாமல் இங்கே இருந்தன. அவற்றில் சொல்லியிருந்த கட்டளையைப் புதிய பதிப்பில் இட்டால் பெட்டியின் அமைப்புகள் அழியக்கூடும். அதை இட வேண்டாம்."

இரண்டாவது வாக்கியத்தை எடுத்துப் பார்த்தாள். எடுத்தால் குறிப்பு அழகாகத்தான் இருந்தது, யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். திரும்பச் சேர்த்தாள்.

எந்த மாற்றமும் தளத்துக்குப் போக இன்னொருவர் பார்த்து ஒப்புதல் கொடுக்க வேண்டும். கொடுக்க வேண்டியவர் பக்கங்களின் பொறுப்பாளர், அதாவது தாடிக்காரர். வாயால் மட்டும் பேசுகிறவர். அனுப்பிவிட்டு உட்கார்ந்திருந்தாள். மேலாளர் கண்ணாடிக் கதவு வழியாக ஒரு முறை பார்த்தார், அவள் தலையாட்டினாள். வேலை நடக்கிறது என்று அவர் எடுத்துக்கொண்டார்.

சாயங்காலம் ஜன்னலில் வெயில் இறங்குகிற நேரத்துக்குப் பதில் வந்தது. தாடிக்காரர் ஒப்புதல் கொடுத்திருந்தார். ஒரு வார்த்தையை மட்டும் திருத்தியிருந்தார். "அழியக்கூடும்" என்று அவள் எழுதியிருந்ததை "அழியும்" என்று மாற்றியிருந்தார். வேறு ஒன்றும் எழுதவில்லை. பக்கத்தில் அவர் பெயர் மட்டும் இருந்தது.

கத்திரி பொத்தானை அழுத்தினாள். பக்கங்கள் போயின, குறிப்பு வந்தது. அவள் பையை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்குக் கிளம்பினாள். பஸ்ஸில் இடம் கிடைத்தது. உட்கார்ந்ததும் தூங்கிவிட்டாள், தன் நிறுத்தத்தைத் தாண்டிப் போய் இறங்கி, வந்த வழியே திரும்பி நடந்தாள்.

மறுநாள் மேலாளர் எழுந்து வரவில்லை, அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். கத்தவில்லை. "இதை என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்," என்றார்.

"சொல்லியிருந்தா வேணாம்னு சொல்லியிருப்பீங்க சார்."

"சொல்லியிருப்பேன்," என்று ஒப்புக்கொண்டார். குறிப்பை எடுத்துவிடலாமா என்று சட்டப் பிரிவைக் கேட்டிருக்கிறார்கள். போட்டதை எடுத்தால் இன்னும் அசிங்கமாகிவிடும், அப்படியே விடுங்கள் என்று அவர்கள் சொல்லிவிட்டார்களாம். குறிப்பு நின்றது. கத்திரியைத்தான் நகர்த்தினார்கள். புதுப் பதிப்பின் கையேட்டை எழுதும் குழுவிலிருந்து எடுத்து, பழைய பக்கங்களைத் தேடித் துடைக்கிற வேலையை மட்டும் கொடுத்தார்கள். நேற்றுவரை யாருக்கும் நேரமில்லாத வேலை. தண்டனையாகத்தான் கொடுத்தார்கள், ஆனால் அதைத் தண்டனை என்று சொல்ல அவர்களாலும் முடியவில்லை. தாடிக்காரரை யாரும் ஒன்றும் கேட்கவில்லை. லிஃப்டில் பார்த்தபோது அவர் தரையைப் பார்த்துக்கொண்டே, "அந்த ஆளுக்கு என்னாச்சு?" என்று கேட்டார். தெரியாது என்றாள்.

தெரிய சில வாரங்கள் ஆயின. டெக்னீஷியன் செய்தி அனுப்பினார். விசாரணையில் நகலையும் குறிப்பையும் வைத்தாராம். பார்த்துவிட்டு, "முன்னாடியே ஒரு போன் போட்டுக் கேட்டிருக்கலாமே," என்று இழுத்தார்களாம், ஆனாலும் சேர்த்துக்கொண்டார்களாம். பழைய நிலையம் இல்லை, வேறு ஒன்று. வீட்டிலிருந்து தூரம், படிக்கட்டு வேறு அதிகம். சஸ்பெண்டில் இருந்த நாட்களைப் பற்றி இன்னும் யாரும் முடிவு சொல்லவில்லை. மன்னிப்பு என்று யாரும் கேட்கவில்லை. "பரவாயில்ல மேடம், பொண்ணுகிட்ட குறிப்பைக் காட்டிட்டேன்," என்று முடித்திருந்தார்.

அவள் அதை மாடிக்குப் போய்த் தாடிக்காரரிடம் காட்டினாள். அவர் படித்துவிட்டு, "ம்," என்றார். கோப்பையைத் தூக்கிக்கொண்டு காபி எடுக்கப் போனார். போகிறவர் திரும்பி, "உனக்கும் கொண்டு வரவா?" என்று கேட்டார். அவர் அப்படி யாரையும் கேட்டு அவள் பார்த்ததில்லை.

இரண்டு நாள் கழித்து, கிளம்புகிற நேரத்தில் டெக்னீஷியனிடமிருந்து இன்னொரு செய்தி வந்தது. இந்த நிலையத்துப் பெட்டி வேறு மாதிரி இருக்கிறதாம். அழுத்தத்தைச் சரிசெய்வது பற்றி ஒரு பக்கத்தைத் திறந்து வைத்திருக்கிறாராம். முகவரியை அனுப்பியிருந்தார். "மேடம், இதை நம்பலாமா?"

கத்திரி பையைத் தோளிலிருந்து இறக்காமலேயே அதைத் திறந்து பார்த்தாள். எழுதியவர் எந்தக் காலத்திலோ கம்பெனியை விட்டுப் போனவர். எந்தப் பதிப்புக்கு என்ற விவரமே இல்லை. கீழே கேள்விகள் வரிசையாக நின்றன.

"இன்னைக்கு எதையும் தொடாதீங்க," என்று பதில் போட்டாள். "நாளைக்குக் காலைல விசாரிச்சுச் சொல்றேன்."

கணினியை அணைத்துவிட்டுக் கீழே இறங்கினாள். பஸ் கூட்டமாக வந்தது. கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபடி, நாளைக்கு அந்தப் பக்கத்தைப் பற்றி யாரிடம் போய்க் கேட்பது என்று யோசித்துக்கொண்டே போனாள்.